சூழலுக்குச் சுமை குறைந்த பயணம்: முதல் முடிவிலிருந்து வீடு திரும்பும் வரை

சூழலுக்குக் கேடு குறைவாகப் பயணம் செய்ய விரும்பிப் புதிதாகத் தொடங்குகிறவர்களில் பலர் கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறார்கள். எஃகுத் தண்ணீர்க் குப்பி, மூங்கில் பல்துலக்கி, துணிப்பை ஆகியவற்றை முதலில் வாங்கிவிட்டு, அதன் பிறகே எங்கே போவது, எதில் போவது என்று யோசிக்கிறார்கள். ஆனால் ஒரு பயணத்தின் கார்பன் உமிழ்வில் பெரும்பகுதி, தூரத்தையும் ஊர்தியையும் தேர்ந்தெடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. அங்கே கோட்டைவிட்டதைக் குப்பியும் பையும் ஈடுகட்ட மாட்டா.

போய்ச் சேர்ந்த இடத்தில் நிகழும் கேடு வேறு வகையானது. மிதிபட்டுப் பாதையாகும் புல்வெளி, ஓடையில் கலக்கும் சோப்பு நுரை, கூட்டை விட்டு விரட்டப்படும் பறவை ஆகியவற்றை எந்தக் கார்பன் கணக்கும் காட்டாது. ஆகவே கீழ்க்காணும் படிகளில் முதல் மூன்றும் எண்களை வைத்து முடிவு செய்ய வேண்டியவை. மற்றவை பெரும்பாலும் நடத்தையைப் பொறுத்தவை. வரிசையை மாற்றாமல் செய்வது நல்லது, ஏனெனில் ஒவ்வொரு படியும் அடுத்த படியில் எஞ்சியிருக்கும் தேர்வுகளைக் குறைத்துவிடுகிறது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

போகவிருக்கும் பகுதியின் வரைபடம், அங்கே செல்லும் ரயில் மற்றும் பேருந்துகளின் கால அட்டவணை, அந்த இடத்தை நிர்வகிக்கும் வனத்துறை அல்லது உள்ளாட்சியின் விதிமுறைகள், உடன் வருபவர்களின் எண்ணிக்கை ஆகிய நான்கும் போதும். கடைசியாகச் சொன்னதைப் பலர் புறப்படும் வாரம் வரை இழுத்தடிக்கிறார்கள். எத்தனை பேர் என்று தெரியாமல் ஊர்தியையும் முடிவு செய்ய முடியாது, அனுமதியும் வாங்க முடியாது.

1. எதற்காகப் போகிறோம் என்பதை எழுதித் தூரத்தைக் குறைத்தல்

இடத்தின் பெயரை எழுதாமல், அங்கே செய்ய விரும்புவதை ஒரே வரியில் எழுத வேண்டும். ‘மூன்று நாள் காட்டில் நடக்க வேண்டும்’, ‘குழந்தைகள் நீந்த வேண்டும்’, ‘பறவை பார்க்க வேண்டும்’ என்பன போல இருக்கலாம். இடத்தின் பெயரை முதலில் எழுதிவிட்டால் தூரம் அப்போதே முடிவாகிவிடுகிறது. செயலை எழுதினால் அதை நிறைவேற்றக்கூடிய பல இடங்கள் கண்ணுக்குப் படும். அவற்றில் அருகில் இருப்பதிலிருந்து பரிசீலிக்கத் தொடங்கலாம்.

அடுத்து, நாட்களைச் சேர்த்து வைக்க வேண்டும். தொலைவிலுள்ள ஓர் இடத்துக்கு இரண்டிரண்டு நாட்களாக மூன்று முறை போவதைவிட, ஒரே முறை சென்று ஆறு நாள் தங்குவது போக்குவரத்து உமிழ்வை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கிறது. தங்கும் நாட்களால் கூடும் உமிழ்வு, சாதாரண விடுதி ஒன்றில், நெடுந்தூரப் பயணத்தோடு ஒப்பிடச் சிறியதே. ஒரே பயணத்தில் ஐந்து ஊர்களைத் தொட்டுவிட்டு வர நினைப்பதும் இதே காரணத்தால்தான் தவறாகிறது. ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் எரிபொருள் நாளாகிவிடுகிறது.

2. ஊர்தியைக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்தல்

இந்தப் படியில் ஊகத்தை நம்பாமல் எண்களைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். பிரிட்டன் அரசு ஆண்டுதோறும் வெளியிடும் உமிழ்வுக் காரணிகளை வைத்துப் பார்த்தால், ஒருவர் ஒரு கிலோமீட்டர் செல்ல நெடுந்தூரப் பேருந்தில் சுமார் 27 கிராம், ரயிலில் சுமார் 35 கிராம், உள்நாட்டு விமானத்தில் ஏறத்தாழ 250 கிராம் என்ற அளவில் பசுங்குடில் வாயுக்கள் வெளியாகின்றன. மின்சாரம் எப்படித் தயாராகிறது, வண்டியில் எவ்வளவு கூட்டம் ஏறுகிறது என்பவற்றைப் பொறுத்து இவை நாட்டுக்கு நாடு மாறும். ஆயினும் பேருந்தும் ரயிலும் ஒரு பக்கம், விமானம் மறுபக்கம் என்ற பிரிவு ஏறத்தாழ எங்கும் இதேதான்.

காரின் கணக்கை நாமே போடலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடும், ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோவும் வெளியாகின்றன. 300 கி.மீ. தொலைவிலுள்ள ஓர் இடத்துக்குப் போய்த் திரும்பினால் 600 கி.மீ.; லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் பெட்ரோல் கார் அதற்கு 40 லிட்டர் குடித்து 92 கிலோ கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். ஒருவர் மட்டும் சென்றால் அந்த 92 கிலோவும் அவர் கணக்கில் சேரும். நால்வர் சென்றால் ஆளுக்கு 23 கிலோ. அதே தூரத்துக்கு ரயிலில் ஆளுக்குச் சுமார் 21 கிலோ, பேருந்தில் 16, விமானத்தில் 150 என்று மேலே சொன்ன காரணிகள் காட்டுகின்றன.

இதிலிருந்து பலர் எதிர்பார்க்காத ஒரு முடிவு கிடைக்கிறது: நிரம்பிய கார் ரயிலுக்கு நெருங்கி வருகிறது, ஒருவர் மட்டுமே செல்லும் கார் விமானத்தை நோக்கிப் போகிறது. எனவே ‘கார் கூடாது’ என்று விதி வைப்பதைவிட ‘காலி இருக்கை கூடாது’ என்று வைப்பது பலன் தரும். காரில்தான் போக வேண்டுமெனில் கூரைமேல் பெட்டி கட்டாமல், டயரில் உரிய அளவு காற்று நிரப்பி, நிதானமான வேகத்தில் ஓட்ட வேண்டும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால் விரைவுச்சாலையில் வேகத்தைச் சற்றே குறைத்தாலும் எரிபொருள் மிச்சமாகும்.

விமானம் தவிர்க்க முடியாத தூரமாயின் இடையில் இறங்காத நேரடிப் பயணமாகவும், சாதாரண வகுப்பாகவும் எடுக்க வேண்டும். மேலெழும்போது எரிபொருள் மிகுதியாகச் செலவாகிறது. இடைநிறுத்தம் ஒவ்வொன்றும் அந்தச் செலவைத் திரும்ப வரவழைப்பதோடு வழியையும் நீட்டுகிறது. உயர்வகுப்பு இருக்கை அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் ஒருவர் பங்குக்கு வரும் உமிழ்வு பல மடங்காகிறது. மேலும், விமானம் வானில் விட்டுச்செல்லும் ஆவித்தடமும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் தம் பங்குக்கு வெப்பத்தைக் கூட்டுகின்றன. 2021இல் வெளியான விரிவான ஆய்வொன்று, வான்போக்குவரத்தின் வெப்பமூட்டும் விளைவில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கார்பன் டை ஆக்சைடு அல்லாத இத்தகைய காரணங்களால் ஏற்படுவதாக மதிப்பிட்டது.

பயணச்சீட்டு எடுக்கும் முன் கடைசி சில கிலோமீட்டர்களைச் சரிபார்க்க வேண்டும். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ரயிலில் சிக்கனமாகப் போய் இறங்கிவிட்டு, நிலையத்திலிருந்து மலையடிவாரம் வரை பேருந்து இல்லை என்று அப்போதுதான் அறிந்து, ஆளுக்கொரு வாடகைக் கார் பிடிக்கிறார்கள். வாடகைக் கார் பெரும்பாலும் காலியாகத் திரும்புவதால் அந்தத் தூரத்தை இருமடங்காகவே கணக்கிட வேண்டும். நிலையத்திலிருந்து பேருந்து இருக்கிறதா, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, மிதிவண்டி வாடகைக்குக் கிடைக்குமா என்பவற்றைத் தெரிந்துகொண்ட பிறகே ரயில் நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

3. காலத்தையும் குழுவின் அளவையும் தீர்மானித்தல்

எல்லோரும் ஒரே வாரத்தில் ஒரே இடத்துக்குப் போவதே ஒரு கேடு. தாய்லாந்தின் மாயா விரிகுடா, கூட்டத்தால் பவளப்பாறைகள் சிதைந்ததால் 2018 ஜூனில் மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. பிலிப்பைன்ஸின் போராகாய் தீவும் கழிவுநீர்ச் சிக்கலால் 2018இல் ஆறு மாதம் மூடப்பட்டது. கழிவுநீர்க் குழாய்க்கும் குப்பை வண்டிக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அதை மீறும் வாரத்தில் எவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டாலும் நம் கழிவு வழிந்தோடும் பகுதியில்தான் சேரும்.

கூட்டம் குறைந்த பருவத்தைத் தேடும்போது ஒரு முன்னெச்சரிக்கை தேவை. சில இடங்களில் கூட்டம் குறைவாக இருப்பது பறவைகள் முட்டையிடும் காலம், ஆமைகள் கரையேறும் காலம், மழையில் ஊறிய மண் எளிதில் பெயரும் காலம் ஆகியவற்றில்தான். அத்தகைய காலத்தில் அந்த இடத்துக்கு ஓய்வு தருவதே சரி. வனத்துறை பாதையை மூடியிருந்தால் அதற்குக் காரணம் இருக்கும்.

குழு சிறிதாக இருப்பது நல்லது. பத்துப் பேருக்கு மேல் சேர்ந்தால் இரண்டாகப் பிரிந்து, வேறு நேரத்தில் நடந்து, வேறு இடத்தில் தங்க வேண்டும். பெருங்குழு நின்று பேசும் ஒவ்வொரு இடத்திலும் பாதையோரச் செடிகள் மிதிபடுகின்றன.

4. தங்குமிடத்தைக் கேள்வி கேட்டுத் தேர்ந்தெடுத்தல்

‘பசுமை’, ‘இயற்கையோடு இயைந்த’ என்ற சொற்களை எந்த விடுதியும் தன் பலகையில் எழுதிக்கொள்ளலாம். அறையில் துண்டைத் திரும்பப் பயன்படுத்தச் சொல்லும் அட்டை மட்டும் இருந்தால் அது சலவைச் செலவை மிச்சப்படுத்தும் ஏற்பாடே தவிர வேறொன்றும் இல்லை. முன்பதிவுக்கு முன் நான்கு கேள்விகளை எழுத்தில் அனுப்பலாம்: கழிவுநீர் எங்கே போகிறது? குடிநீர் எப்படித் தரப்படுகிறது? குப்பையை யார் எடுத்துச் செல்கிறார்கள்? வேலை செய்பவர்களில் உள்ளூர்க்காரர் எத்தனை பேர்?

பதில்களைவிட அவை வரும் விதம் அதிகம் சொல்லும். உண்மையாகச் செய்கிற விடுதிக்காரர் சுத்திகரிப்புத் தொட்டி எங்கே இருக்கிறது என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார். செய்யாதவர் விளம்பரக் கையேட்டை அனுப்புவார்.

சான்றிதழ் இருந்தால் அதைக் கொடுத்தது யார் என்று பார்க்க வேண்டும். உலகளாவிய நிலைத்த சுற்றுலா மன்றம் என்ற அமைப்பு அளவுகோல்களை வகுத்து, சான்று வழங்கும் நிறுவனங்களுக்கு அங்கீகாரம் தருகிறதே தவிர, தானே விடுதிகளுக்குச் சான்று வழங்குவதில்லை. எனவே ‘மன்றம் எங்களுக்குச் சான்று தந்தது’ என்று ஒரு விடுதி சொன்னால் மேலும் விசாரிக்க வேண்டும். டென்மார்க்கில் 1994இல் தொடங்கிய பசுமைச் சாவி விடுதிகளுக்கும், பிரான்ஸில் 1985இல் தொடங்கிய நீலக் கொடி பெரும்பாலும் கடற்கரைகளுக்கும் உரியவை. கரையில் பறக்கும் கொடி, பக்கத்து விடுதியைப் பற்றி எதையும் சொல்லாது.

5. விலங்குகள் தொடர்பான பொழுதுபோக்குகளைச் சலித்தெடுத்தல்

ஒரே அளவுகோல் போதும்: விலங்கு தானாக விலகிப்போக முடிகிறதா? சவாரி, தழுவிப் படம் எடுத்தல், குட்டிகளுக்குப் பால் புகட்டுதல், இரை போட்டு வரவழைத்தல் ஆகிய நான்கிலும் விடை ‘இல்லை’ என்பதாகவோ, விலங்கின் இயல்பையே மாற்றுவதாகவோ இருக்கும். ‘காப்பகம்’ என்ற பெயர் இருந்தாலும் பார்வையாளர் குட்டிகளைத் தொடலாம் என்றால் அங்கே குட்டிகள் எங்கிருந்து ஓயாமல் வருகின்றன என்று கேட்க வேண்டும்.

காட்டில் பார்க்கும்போது இடைவெளி முக்கியம். அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா, கரடி, ஓநாய்களிடமிருந்து 91 மீட்டரும் பிற பெரிய விலங்குகளிடமிருந்து 23 மீட்டரும் விலகியிருக்கச் சொல்கிறது. வேறிடங்களில் அந்தந்த விதியைப் பின்பற்ற வேண்டும். விதி ஏதுமில்லாத இடத்தில் கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பார்க்கலாம். விரல் விலங்கை முழுதும் மறைக்கவில்லை என்றால் நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம்.

அரிய பறவையின் கூட்டைப் படம் எடுத்தால், இடத்தைக் குறிப்பிடும் தகவலை நீக்கிவிட்டே பகிர வேண்டும். ஒரு படத்தால் ஒரு வாரத்தில் ஐம்பது பேர் அங்கே போய் நிற்கக்கூடும்.

6. மூட்டை கட்டுதல்

குப்பியும் துணிப்பையும் வரும் படி இது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் குப்பியை எடுத்தால் போதும். இதற்கென்று புதிதாக வாங்குவது, தவிர்க்க நினைக்கும் கேட்டை வேறு வழியில் செய்வதாகும். வருடத்துக்கு ஒருமுறை பயன்படும் கூடாரம், முதுகுப்பை ஆகியவற்றை இரவலோ வாடகையோ எடுக்கலாம்.

தண்ணீரைச் சுத்திகரிக்கும் வழியை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் நாளே பிளாஸ்டிக் புட்டி வாங்க நேரும். கொதிக்க வைப்பதாயின், நன்றாகக் குமிழியிட்டுக் கொதித்த பிறகு ஒரு நிமிடமும், சுமார் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் மூன்று நிமிடமும் விட வேண்டும். உயரத்தில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால் கிருமிகள் சாவதற்குக் கூடுதல் நேரம் தேவைப்படுகிறது.

உணவுப் பொருட்களின் அட்டை, உறை, வெள்ளித்தாள் ஆகியவற்றை வீட்டிலேயே பிரித்துப் போட்டுவிட்டு, டப்பாக்களில் மாற்றி எடுத்துச் செல்ல வேண்டும். காட்டில் காற்று அடித்துச் செல்லும் குப்பையில் இவையே மிகுதி. கசியாத உறுதியான பை ஒன்று குப்பைக்கும், களைக்கொத்து ஒன்று, மலம் கழிக்கத் தோண்டும் கழிப்புக் குழிக்கும் வேண்டும். புறப்படும் முன் காலணி அடியிலும் கூடார அடியிலும் ஒட்டிய பழைய மண்ணைக் கழுவிக் காயவிட வேண்டும். நியூசிலாந்தில் கௌரி (kauri) என்ற காட்டு மரங்களைக் கொல்லும் நோய், மண் ஒட்டிய காலணிகள் வழியாகவும் பரவுவதால் காட்டு நுழைவாயில்களில் காலணி கழுவும் நிலையங்களே அமைத்திருக்கிறார்கள்.

7. பாதையிலும் முகாமிலும்

பாதை இருக்கும் இடத்தில் அதன் நடுவில், ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். சேறாக இருந்தாலும் அப்படியே. சேற்றைத் தவிர்க்க ஓரமாக ஒதுங்கும் ஒவ்வொருவரும் பாதையை அகலப்படுத்துகிறார்கள். அடுத்த மழையில் அந்த அகலமும் சேறாகிறது. பாதையே இல்லாத இடத்தில் விதி தலைகீழாகிறது: அங்கே ஒருவர் அடிச்சுவட்டில் மற்றவர் கால் வைக்காமல் பரவி நடக்க வேண்டும். பலர் மிதிப்பதால் புதிய தடம் உருவாகிவிடும் என்பதே காரணம். இந்த வேறுபாட்டைப் புறப்படும் முன் குழுவுக்குச் சொல்லிவைப்பது நலம். அங்கே போய் விளக்கினால் பாதிப் பேருக்குக் கேட்காது.

கூடாரத்துக்கும் இதே அறிவு பொருந்தும். ஏற்கெனவே மிதிபட்டுக் கெட்டித்த இடம் இருந்தால் அதிலேயே அடிக்க வேண்டும். அரைகுறையாகப் பழகி, புல் இன்னும் மிஞ்சியிருக்கும் இடத்தை விட்டுவிட வேண்டும், ஏனெனில் அது மீளக்கூடியது. கூடாரம், சமையல், கழிப்பு மூன்றும் நீர்நிலையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும்.

கழிப்புக் குழி 15 முதல் 20 செ.மீ. ஆழம் இருக்க வேண்டும். கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மேல்மண்ணில்தான் மிகுதி. மேலும் ஆழமாகத் தோண்டினால் சிதைவு தாமதமாகிறது, மேலோட்டமாகத் தோண்டினால் விலங்குகள் கிளறிவிடுகின்றன. ஈரத்துடைப்பான், அணையாடை, மாதவிடாய்ப் பஞ்சு ஆகியவற்றைப் புதைக்கக் கூடாது. அவற்றைத் திரும்ப எடுத்து வர வேண்டும். பாறை, பனி, பாலை நிலங்களில் குழியே பயன்படாது. அங்கே கழிவையும் பையில் கட்டி எடுத்து வர வேண்டியிருக்கும். இதைச் சொன்னதும் முகம் சுளிப்பவர்களுக்கு அத்தகைய இடங்கள் ஏற்றவை அல்ல.

‘மக்கும் சோப்பு’ என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஓடையிலேயே பாத்திரம் கழுவுவது மிகப் பரவலான பிழை. அது மக்குவதற்கு மண் வேண்டும். நீரில் அதுவும் சோப்பே. தண்ணீரைப் பாத்திரத்தில் மொண்டு, தள்ளிச் சென்று கழுவி, பருக்கைகளை வடிகட்டி எடுத்துக்கொண்டு, நீரை மண்ணில் பரவலாக வீச வேண்டும். பழத்தோலும் மிச்சச் சோறும் ‘மக்கிவிடும்’ என்று எறிவதும் தவறே. மக்குவதற்கு முன் விலங்கு அதைத் தின்று மனிதர்களைத் தேடி வரப் பழகிவிடுகிறது. பழகிய விலங்கைப் பின்னர் பிடித்து அப்புறப்படுத்தவோ கொல்லவோ நேர்கிறது.

சமையலுக்குச் சிறு அடுப்பு போதும். நெருப்பு மூட்ட அனுமதி இருந்தால் முன்பே இருக்கும் நெருப்புக் குழியில், அந்தப் பகுதி விறகை மட்டும் எரிக்க வேண்டும். வட அமெரிக்காவில் ஆஷ் என்ற வகை மரங்களைக் கொல்லும் மரகத ஆஷ் துளைப்பான் என்ற வண்டு தொலைவுக்குப் பரவியதற்கு முகாமுக்கு ஏற்றிச் செல்லப்பட்ட விறகு ஒரு முக்கியக் காரணம். அணைக்கும்போது சாம்பலைக் கையால் தொட்டுப் பார்க்கும் அளவுக்குக் குளிரும் வரை நீர் ஊற்ற வேண்டும்.

8. கடலிலும் ஏரியிலும்

வெயிலுக்குக் களிம்பு பூசுவதைவிட முழுக்கை நீச்சலாடை அணிவது சிறந்தது, ஏனெனில் அது நீரில் கரைவதில்லை. இத்தகைய களிம்புகளில் சேர்க்கப்படும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் ஆகிய வேதிப்பொருட்கள் பவளத்துக்கு ஊறு செய்யக்கூடும் என்ற கவலையில், பலாவ் நாடு 2020 முதல் இவை உள்ளிட்ட வேதிப்பொருட்கள் கலந்த களிம்புகளையும், ஹவாய் மாநிலம் 2021 முதல் இவ்விரண்டும் கலந்தவற்றின் விற்பனையையும் தடைசெய்தன. மூடாத இடங்களுக்குக் களிம்பு வேண்டுமெனில் உட்பொருள் பட்டியலைப் படிக்க வேண்டும். ‘பவளத்துக்குப் பாதுகாப்பானது’ என்ற சொற்றொடருக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட வரையறை கிடையாது.

பவளப்பாறை அருகே மூழ்கக் கற்பவர்கள், நீரில் மிதவைச் சமநிலை கைவரும் வரை மணல் தரைமேல்தான் பழக வேண்டும். திரண்ட வகைப் பவளங்கள் ஆண்டுக்கு 0.3 முதல் 2 செ.மீ. வரையே வளர்கின்றன, துடுப்புக் காலணியின் ஒரு வீச்சில் பல ஆண்டு வளர்ச்சி உடைந்துபோகும். படகுக்காரர் பாறைமேல் நங்கூரம் இறக்குகிறாரா, நிலையான மிதவையில் கட்டுகிறாரா என்று பணம் கட்டும் முன் கேட்க வேண்டும்.

ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்குத் துடுப்புப் படகை எடுத்துச் செல்பவர்கள் நீரை வடித்து, கழுவி, முற்றிலும் காயவிட வேண்டும். வரிக்குதிரைச் சிப்பி போன்ற அயல் உயிர்கள் இப்படித்தான் நீர்நிலை விட்டு நீர்நிலை தாவுகின்றன.

9. கார்பன் ஈட்டுத் திட்டங்கள்

மரம் நடுதல் போன்ற திட்டங்களுக்கென்று பயணச்சீட்டுடன் சிறு தொகை சேர்த்துக் கட்டினால் உமிழ்வு ‘சமன்’ ஆகிவிடும் (இதுவே கார்பன் ஈடு) என்பதை நம்பி இரண்டாம் படியைத் தாண்டிவிடக் கூடாது. நட்ட மரம் வளர்ந்து உறிஞ்சப் பல பத்தாண்டுகள் ஆகும்; இடையில் எரிந்தும் போகலாம். ஈட்டை மட்டும் ஆதாரமாகக் கொண்டு ஒரு பொருளைக் ‘கார்பன் சமநிலை’ என்று விளம்பரம் செய்வதை ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய சட்டம் தடுக்கிறது. அது 2026 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வருகிறது. குறைக்க முடிந்ததைக் குறைத்த பிறகு கொடுக்க விரும்பினால் கொடுக்கலாம், ஆனால் அதை நன்கொடை என்றே எழுதிவைக்க வேண்டும்.

10. திரும்பும்போதும் திரும்பிய பின்னும்

நினைவுப் பொருளாகச் சிப்பி, பவளம், இறகு, கல் ஆகியவற்றை எடுக்கவோ வாங்கவோ கூடாது. 1973இல் கையெழுத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்த, அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சைட்டிஸ் (CITES) உடன்படிக்கை, கடலாமை ஓடு முதல் பலவகைப் பவளங்கள் வரை எல்லை தாண்டிக் கொண்டுசெல்வதைக் கட்டுப்படுத்துகிறது. கடையில் வெளிப்படையாக விற்றார்கள் என்பது எல்லையில் நடக்கும் சுங்கச் சோதனையில் செல்லாது.

வீடு சேர்ந்த அன்றே காலணி, கூடாரம், நீச்சலாடை ஆகியவற்றைக் கழுவி உலர்த்த வேண்டும். அடுத்த பயணம் வரை தள்ளிப்போட்டால் புறப்படும் அவசரத்தில் அது விடுபட்டுவிடும்.

பிறகு, போன தூரம், எரிபொருள், ஆள் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு இரண்டாம் படிக் கணக்கை மீண்டும் ஒருமுறை போட்டு, திட்டமிட்ட எண்ணுக்குப் பக்கத்தில் எழுத வேண்டும். இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்தால், பெரும்பாலும் கடைசி சில கிலோமீட்டர்களிலோ, போன இடத்தில் தினமும் சுற்றிய சுற்றலிலோதான் அது ஒளிந்திருக்கும். அடுத்த முறை விடுதி பார்க்கும்போது நடந்து போகும் தூரத்தில் என்னென்ன இருக்கின்றன என்பதையும் அந்தக் கேள்விப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.